யூதப் பண்டிகைகள்: தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில்

யூதப் பண்டிகைகள் என இங்கே குறிக்கப்படுபவை, லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்கு விதிக்கப்பட்ட பருவ விழாக்களாம். முதல் மாதமாகிய நிசானின் 14-ஆம் நாள் மாலையில் தொடங்கும் பஸ்கா, அதைத் தொடர்ந்து ஏழு நாள் நடைபெறும் புளிப்பில்லா அப்பப் பண்டிகை, வாற்கோதுமையின் முதற்கதிர்க் கட்டை ஆசாரியன் அசைவாட்டும் நாள், அதிலிருந்து எண்ணி ஐம்பதாம் நாளில் வரும் பெந்தெகொஸ்தே, ஏழாம் மாதத்தின் எக்காள நாள், பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்பன அவற்றின் வரிசை. கி.மு. 164-இல் மக்கபேயர் எருசலேம் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததன் நினைவான பிரதிஷ்டைப் பண்டிகை பின்னாளில் இவற்றோடு சேர்ந்தது. தென்னாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகள் தத்தம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளை ஆண்டுதோறும் இதே பெயரால் கொண்டாடி வருகின்றன.

கிறிஸ்துவின் மரணம் பஸ்கா காலத்திலும், ஆவியானவரின் வருகை பெந்தெகொஸ்தே நாளிலும் நிகழ்ந்தமையால், ஆதித் திருச்சபை இவ்விரு விழாக்களையும் விட்டுவிடாமல் புதுப்பொருள் ஏற்றிக்கொண்டது. சின்ன ஆசியாவின் சபைகள் நெடுங்காலம் நிசான் 14-ஆம் நாளையே அனுசரித்து வந்தன. ரோமாபுரியோ ஞாயிற்றுக்கிழமையை வற்புறுத்தியது. 325-இல் கூடிய நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமையை உறுதிசெய்து, யூதரின் கணக்கை எதிர்பாராமல் அந்நாளைக் கணிக்க வேண்டுமென முடிவு செய்தபின், இரு சமயத்தாரின் நாட்காட்டிகளும் பிரிந்துபோயின. 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-ஆம் நாளும் யூதரின் பஸ்கா ஏப்ரல் 22-ஆம் நாள் மாலையும் வந்தது அப்பிரிவின் விளைவே. பண்டிகைகளும் ஓய்வுநாட்களும் வருங்காரியங்களின் நிழல், பொருளோ கிறிஸ்து என்று கொலோசெயர் நிருபம் போதிப்பதைக் கொண்டு, பெரும்பாலான சபைகள் இவற்றை அனுசரிப்பதற்குரிய விதிகளாகக் கொள்ளாமல் தியானிப்பதற்குரிய முன்னடையாளங்களாகவே கொண்டுள்ளன.

இந்தியாவில் அந்நிழல் வீட்டுக்குள் நிலைத்திருக்கும் இடம் கேரளம். பெரிய வியாழன் இரவில் மார்த்தோமா கிறிஸ்தவக் குடும்பங்கள் அரிசியும் உளுந்தும் கொண்டு புளிக்க வைக்காத பெசஹா அப்பத்தைச் சமைத்து, குருத்தோலையால் செய்த சிலுவையை அதன்மேல் வைத்து, குடும்பத் தலைவர் கையால் பகுத்து, வெல்லம் கலந்த தேங்காய்ப்பாலோடு உண்கின்றன. குருவானவரின்றி இல்லத்திலேயே நடைபெறும் இச்சடங்கு, யூதரின் பஸ்கா இரவோடு பெரிதும் ஒத்திருக்கிறது.

தமிழகத்தில் இப்பண்டிகைகளை அனுசரிக்கும் வழக்கம் ஒரு போராட்டத்தின் வடிவிலேயே தோன்றியது. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் மிஷன் ஊழியராயிருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனெரிமாரின் அதிகாரத்தோடு முரண்பட்டவர். மிஷனெரியான கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் தம் சமூகத்தாரை இழித்துரைத்ததென மனம் கொதித்த அவர், ஐரோப்பியர் தந்த கிறிஸ்தவம் வேறு, வேதம் காட்டும் கிறிஸ்தவம் வேறு என்று துணிந்து, 1857-இல் முக்குப்பேரியில் தனிச் சபையொன்றை நிறுவினார். நாட்டுச் சபை என மக்கள் வழங்கிய அச்சபையில் சனிக்கிழமையே ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளே பண்டிகைகள். மிஷன் பணத்தின் துணையை நாடாமல், தரையில் அமர்ந்து, தூபமிட்டு வழிபடுவதே அவர்தம் மரபு. ஆங்கிலேயரின் வழக்கங்களை உதற விரும்பிய ஒருவர், தம் நாட்டு மண்ணுக்கு நெருங்கிய மாதிரியை எருசலேமில் கண்டதில் ஆழ்ந்த நியாயம் உண்டு: பிறை பார்த்து நாள் குறிப்பதும், தீட்டும் சுத்தமும் பேணுவதும், அறுவடையின் முதற்பலனைத் தெய்வத்துக்கு வைப்பதும் தமிழருக்கு அந்நியமல்லவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம்நாள் அட்வென்டிஸ்து சபையார் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஊழியம் தொடங்கியதற்கும், அவ்வட்டாரத்தில் ஓய்வுநாள் ஆசரிப்போர் முன்னரே இருந்ததற்கும் தொடர்புண்டு.

இப்பண்டிகைகள் யாவும் உழைப்பின் நாட்காட்டியோடு பிணைந்தவை என்பதை விளங்கிக்கொள்ள, விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணக் கடற்கரை தக்கதோர் இடம். கழுவேலிச் சதுப்புநிலத்தை ஒட்டிப் பரந்துள்ள உப்பளங்கள் இவ்வூரின் முக்கியத் தொழிற்களம். மழை ஓய்ந்தபின் தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து உவர்நீர் பாய்ச்சினால், பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு விளைந்து வாருபலகைக்கு வரும். பஸ்காவின் முழுநிலவும் பங்குனி அல்லது சித்திரையின் முழுநிலவே. கூடாரப் பண்டிகையின் முழுநிலவோ புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வருவது. பாலஸ்தீன நாட்டில் இவ்விரு நிலவுகளுக்கும் இடைப்பட்ட காலம் மழையற்ற கோடை. கூடாரப் பண்டிகையின் ஏழு நாளும் முடிந்து வரும் எட்டாம் நாளில் யூதர் முன்மாரிக்காக மன்றாடுகின்றனர். மரக்காணத்திலும் அந்த மழையற்ற காலமே உப்பு விளைச்சலின் காலம். கூடாரப் பண்டிகையின் நிலவுக்குப் பின்னரே வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. ஆயினும் எருசலேமின் உழவன் வேண்டி நிற்கும் மழை, இங்கே உப்பளத் தொழிலாளியின் கூலியை நிறுத்திவிடுகிறது. வேலையற்ற அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணத் தொகையைத் தமிழ்நாடு அரசு 2022 முதல் வழங்கி வருகிறது.

உப்புக்கும் அப்பண்டிகைகளுக்கும் நேரான தொடர்பும் உண்டு. எந்தப் போஜனபலியும் உப்பின்றிப் படைக்கப்படலாகாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. முறிக்கப்படாத உடன்படிக்கையை எண்ணாகமம் உப்பின் உடன்படிக்கை என்றே அழைக்கிறது. யூத இல்லங்களில் பஸ்கா இரவின் பந்தியில், எகிப்தின் அடிமைத்தனத்தில் சிந்திய கண்ணீரின் நினைவாகக் கீரையை உப்புநீரில் தோய்த்து உண்பர்.

இன்றைய கிறிஸ்தவருக்கு இப்பண்டிகைகள் எதை உணர்த்துகின்றன என்ற வினாவில், நாட்களைக் கைக்கொள்வோரும் முன்னடையாளங்களை ஆராய்வோரும் நெடுங்காலமாய் வாதிட்டு வந்துள்ளனர். இரு சாராரும் விரைந்து கடந்துவிடும் வசனம் ஒன்று அதே 23-ஆம் அதிகாரத்தின் நடுவில் நிற்கிறது. பெந்தெகொஸ்தேயின் விதிகளைச் சொல்லி முடித்த கையோடு, வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும் சிந்தின கதிரைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என அது கட்டளையிடுகிறது. யூதர் அப்பண்டிகையில் ரூத்தின் சரித்திரத்தை வாசிப்பதும், கதிர் பொறுக்க வந்த அந்நிய தேசத்து விதவை ஒருத்தியே அதன் நாயகி என்பதும் இங்கே கருதத் தக்கவை. பண்டிகை விதிகளுக்கு இடையே இக்கட்டளை வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று என்றே நாம் கொள்ளுகிறோம். அதைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் பண்டிகை, எத்துணை நுட்பமான வியாக்கியானம் பெற்றாலும், குறைபட்டதே.

யாத்திரைப் பண்டிகைகள் மூன்றில் பஸ்காவும் பெந்தெகொஸ்தேயும் திருச்சபையின் ஆண்டில் இடம்பெற, கூடாரப் பண்டிகை மட்டும் பொதுவாக விடுபட்டுப்போயிற்று. இப்பண்டிகையின் மகிழ்ச்சியில் குமாரனும் குமாரத்தியும் மட்டுமன்றி வேலைக்காரரும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பங்குபெற வேண்டுமெனப் பெயர் பெயராய் எண்ணி உரைக்கிறது உபாகமம். தமிழகத்தில் இதற்கு மிக நெருங்கிவரும் வழக்கம் அறுப்பின் பண்டிகை. நெல்லும் தேங்காயும் வாழைக்குலையும் கோழியும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைக்கப்பட்டு, பின் ஏலத்தில் விடப்படும். தென்மாவட்டங்களில் அசனப் பண்டிகை என்ற பெயரில் ஊரார் கொண்டுவந்த அரிசியும் காய்கறியும் பெருங்கொப்பரைகளில் ஒன்றாய்ச் சமைக்கப்பட்டு, வந்தோர் யாவருக்கும் சமபந்தியாகப் பரிமாறப்படும்.