குடற்புண்ணும் மனக்கவலையும்

நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலும், வயிறு காலியாக இருக்கும் வேளையில் குத்தலும், நடுநிசியில் உறக்கத்தைக் கலைத்துவிடும் வலியுமாக ஒருவர் வைத்தியரிடம் போனால், கவலையைக் குறைத்துக்கொள்ளும்படியும், காரத்தை விலக்கிப் பால் அருந்தும்படியும், உத்தியோகத்தில் அலட்டிக்கொள்ளாமலிருக்கும்படியும் உபதேசம் பெற்றுத் திரும்பிவருவதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்நாடுகளில் வழக்கமாயிருந்தது. குடற்புண் என்பது ஓயாது உழைப்பவனுக்கும் ஓயாது கவலைப்படுபவனுக்கும் வருகிற வியாதி என்ற நம்பிக்கை, படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி வேரூன்றியிருந்தது. அந்த வேருக்கு நீர் வார்த்தது வைத்திய சாஸ்திரமேதான்.

அமிலமில்லாத இடத்தில் புண்ணுமில்லை என்று 1910ஆம் ஆண்டில் கார்ல் ஷ்வார்ஸ் என்னும் மருத்துவர் கூறினார். அப்படியானால் அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்வது எது என்ற வினாவுக்கு, மனம் என்ற விடை வெகு சுலபமாகக் கிடைத்துவிட்டது. 1936இல் ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், மிதமிஞ்சிய உழைப்பு முதலிய இன்னல்களுக்கு எலிகளை ஆளாக்கி, அவற்றின் இரைப்பையில் புண் தோன்றியதைக் காட்டினார். சிகாகோ நகரத்தில் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மனோதத்துவ நிபுணரோ, இந்த நோயாளி வெளியே சுதந்திர புருஷனாகத் தோன்றினாலும், உள்ளத்தின் ஆழத்தில் குழந்தையைப்போல அன்புக்கும் ஆதரவுக்கும் ஏங்குகிறவன் என்றும், அந்த ஏக்கமே இரைப்பையைப் பசியாகத் தூண்டுகிறதென்றும் விளக்கமளித்தார். 1958இல் ஜோசப் பிரேடி, மின்னதிர்ச்சியைத் தடுக்கும் பொறுப்பைச் சுமந்த குரங்குகளுக்குப் புண் வந்ததாக அறிவித்தபோது, பொறுப்புள்ளவர்களின் வியாதி இது என்ற எண்ணம் உறுதிப்பட்டது. பின்னால் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தும், அந்த எண்ணம் அசையவில்லை.

நம் பக்கத்து நிலவரம் இந்தச் சித்தாந்தத்துக்கு எளிதில் இணங்குவதாயில்லை. மைசூரில் பல்லாண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்துவந்த ஃபிராங்க் டோவி, அரிசியை முக்கிய உணவாகக் கொண்ட தென்னிந்தியாவில் இந்நோய் மிகுந்தும், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைந்தும் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். மனக்கவலை காவிரிக் கரையில் மிகுந்து சட்லெஜ் கரையில் குறைந்துவிடுமா என்று அப்போதே யாரேனும் உரக்கக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி பிறந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த ராபின் வாரன், 1979இல், இரைப்பையிலிருந்து எடுத்த திசுத்துண்டொன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வளைந்த வடிவுடைய கிருமிகள் அதன்மேல் அப்பியிருக்கக் கண்டார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பாடபுத்தகங்கள் சொல்லியிருந்தபடியால், சக வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமி காணப்பட்டவர்கள் என்று வாரன் தயாரித்திருந்த பட்டியலில், தாம் முன்பு வார்டில் பார்த்த ஒரு பெண்மணியும் இருப்பதை மார்ஷல் கவனித்தார். நாற்பது வயதைக் கடந்த அவளுக்கு நெடுநாளாகக் குமட்டலும் வயிற்றுவலியும் இருந்தன. வழக்கமான சோதனைகளில் ஒன்றும் அகப்படாததால், அவளை மனநல மருத்துவரிடம் அனுப்பி, மனச்சோர்வுக்கான மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிருமியே அவளுடைய வலிக்கு மூலகாரணம் என்று இந்த ஒரு சான்றைக் கொண்டு அறுதியிட முடியாதுதான்; ஆனால் ஒன்றுமில்லை என்று தீர்ப்பளிக்கப்பட்ட வயிற்றில் ஏதோ ஒன்று இருந்தது என்பதும், இன்னொருவர் கண் அதன்மேல் பட்டபிறகே அது தெரியவந்தது என்பதும் மறுக்க முடியாதவை.

அக்கிருமியைத் தட்டில் வளர்க்கும் முயற்சி திரும்பத்திரும்பத் தோற்றது. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டை எறிந்துவிடுவது பரிசோதனைச்சாலையின் வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையினால் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் கிடந்தன. மெதுவாக வளரும் இயல்புடைய அந்தக் கிருமி அப்போதுதான் கண்ணுக்குத் தென்பட்டது. அதன் பின்னும் உலகம் நம்ப மறுக்கவே, 1984இல் மார்ஷல் தாமே அக்கிருமிகளைக் கரைத்துக் குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டு, பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பி செய்ததில், முன்பு நன்றாயிருந்த இரைப்பை அழன்று வீங்கியிருந்தது. 1994இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் குழு, இக்கிருமியுடைய புண்ணாளிகளுக்கு ஆண்டிபயாடிக் அளிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, கிரேக்க நாட்டில் மிசோலோங்கி என்ற சிற்றூரில் ஜான் லைகூடிஸ் என்ற வைத்தியர், தம் வயிற்று உபாதை ஆண்டிபயாடிக்கினால் தணிந்ததைக் கண்டு, 1958 முதல் புண்ணாளிகளுக்கு அதையே கொடுத்து வந்தார். பத்திரிகைகள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1968இல் அவருக்கு நாலாயிரம் டிராக்மா அபராதம் விதிக்கப்பட்டது. 1980இல், தம் கொள்கை வென்றதைக் காணாமலே அவர் காலமானார்.

மனத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையென்று இதனால் ஆகிவிடாது. கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை; ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளாலும் புண் உண்டாவதுண்டு; துக்கமும் சினமும் வலியைப் பெருக்குவதை எவரும் அறிவர். மனத்தைக் காரணமாகச் சொன்னது பிழையன்று; சொன்னதோடு தேடலை நிறுத்திக்கொண்டதே பிழை.

ஆகவே, இதைப் படிக்கும் அன்பர்களில் யாருக்கேனும் "எல்லாம் டென்ஷன்தான்" என்ற பதில் கிடைத்து, வலியோ தீராமலிருக்குமானால், எந்தெந்த வியாதிகள் இல்லையென்று எந்தச் சோதனையால் தெளிந்தீர்கள் என்று அந்த மருத்துவரிடமே பணிவாகக் கேளுங்கள். ரிப்போர்ட்டுகளையெல்லாம் சேகரித்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். அது முதல் மருத்துவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. மலம் கறுத்துப்போனாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள்.