சக்தி (1976 அல்பம்)

‘சக்தி’ ஐவர் சேர்ந்து வாசித்த கருவியிசை அல்பம்: பிரித்தானியக் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லோக்லின், வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் உசேன், கடம் டி.எச். விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன். குழுவின் பெயரும் அதுவே. நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் 1975 ஜூலை 5 அன்று நடந்த கச்சேரியில் பதிவானதை, மறு ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. கடைக்காரர்கள் இதை ஜாஸ் கலப்பிசை அடுக்கில் வைத்தார்கள். ஆனால் மின்கிற்றாரோ சிந்தசைசரோ ட்ரம்ஸோ இதில் இல்லை. மரமும் தந்தியும் தோலும் சுட்ட மண்ணும்தான்.

மெக்லோக்லின் அதற்கு முன் நடத்திய மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா, காது அதிர வாசித்த குழு. இரட்டைக் கழுத்து மின்கிற்றாரோடு மேடையேறிப் பெயரும் பணமும் சம்பாதித்தவர், உச்சியில் இருக்கும்போதே சத்தத்தைக் கைவிட்டார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கே ஆய்வு மாணவராக இருந்த சங்கரின் நட்பும், மிருதங்கம் கற்பித்த ராகவனின் நட்பும் குழுவுக்கு அடித்தளமாயின. வீணைப் பயிற்சி கிற்றாரையும் மாற்றியது. மெட்டுக்கட்டைகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிற்றாரை எடுத்தார். விரல் மரத்தில் தட்டாமல் தந்தியை இழுத்துக் கமகம் காட்ட அது உதவியது. பிரதான தந்திகளுக்குக் கீழே, தாமாகவே அதிர்ந்து ரீங்கரிக்கும் தந்திகளும் குறுக்காக ஓடின.

இலங்கை வாசகர் சங்கரிடம் சற்று நின்றே போகவேண்டும். 1950இல் சென்னையில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் பின்னாளில் பெயர்பெற்ற வயலின் கலைஞர்கள். சங்கர் முதன்முதலில் மேடையேறியது ஏழு வயதில், இலங்கைக் கோயிலொன்றில். 1958 இனக்கலவரத்தோடு குடும்பம் தமிழகம் திரும்பியது. அல்பத்தின் அட்டை இதைப் பேசாது, நாம் பேசலாம்.

மூன்றே உருப்படிகள். முதலாவதான ‘ஜோய்’ 18 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கிற்றாரும் வயலினும் ஒரே சொற்கட்டை மூச்சு வாங்காமல் சேர்ந்து வாசித்துவிட்டுப் பிரிகின்றன. ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்குள் முடியும் மெல்லிய மெட்டு. மூன்றாவதன் தலைப்பே ஒரு முழு வரி நீளம். ஏறத்தாழ 29 நிமிடம் ஓடி இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டது. ஜாஸின் தனி வாசிப்பும் கர்நாடகக் கச்சேரியின் தனியாவர்த்தனமும் இங்கே ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. இந்துஸ்தானித் தபேலாவும் தென்னாட்டு மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் சமமாக உட்காருவது அந்நாளில் அரிது. என் கணிப்பில் அல்பம் பழசாகாததற்கு முதற்காரணம் இதுதான்: கிழக்கும் மேற்கும் கலந்ததைவிட, வடக்கும் தெற்கும் கலந்தது பெரிய காரியம்.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தோட்ட லயங்களில் வளர்ந்தவருக்கு மின்சாரம் வேண்டாத தாளக் கச்சேரி புதிதல்ல. மாசியில் காமன் கூத்து, கோயில் திருவிழா, சாவு வீடு, எல்லாவற்றுக்கும் தப்பு உண்டு. காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிடவும் ஒரு காலத்தில் தப்புத்தான் அடித்தார்கள். மலைக் குளிரிலும் பனியிலும் தோல் தளர்ந்துவிடும். அதனால் சருகையோ கடதாசியையோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். கடத்துக்கு அந்த வசதி இல்லை. சூளையில் வெந்தபோது அமைந்ததே அதன் சுருதி. வித்துவான்கள் பல கடங்களைச் சுமந்து திரிவது இதனால்தான். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பும் ‘கும்கி’யை, நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் நெஞ்சுக்குள் உணரலாம். பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியமாகக் கிடந்த கடத்தை உலக மேடைக்குக் கொண்டுபோனதில் இந்தக் குழுவுக்குப் பெரும்பங்கு.

மகாவிஷ்ணுவின் விற்பனையை ‘சக்தி’ எட்டவில்லை. மின்கிற்றாரை எதிர்பார்த்த ரசிகர்கள் ஏமாந்தார்கள். ராகவன் விலக, நால்வராக ‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) ஆகியவற்றைப் பதிந்துவிட்டு 1978இல் கலைந்தார்கள். மதிப்பு ஆறுதலாகத்தான் கூடியது. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது; பிறகு விநாயக்ராமின் மகன் செல்வகணேசும் மண்டலின் யு. ஸ்ரீநிவாசும் பாடகர் சங்கர் மகாதேவனும் சேர்ந்துகொண்டார்கள். 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதே 2024 டிசம்பரில் சாகிர் உசேன் காலமானார். விருது பெற்ற அல்பத்தில் பாட்டும் உண்டு, மெருகும் உண்டு. 1976இன் முரட்டு வேகம் மட்டும் இல்லை.

புதிதாகக் கேட்பவருக்குப் பலரும் ‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’யைத்தான் கையில் கொடுப்பார்கள். 1976 ஓகஸ்டில் இலண்டன் ட்ரைடென்ட் கலையகத்தில் பதிவானது. கொன்னக்கோலில் தொடங்கும் உருப்படி அதில் உண்டு, ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஆனால் ஐவரும் ஒருவரையொருவர் துரத்துவதைக் கேட்க வேண்டுமானால் முதல் அல்பத்துக்குத்தான் வரவேண்டும்.