துருவ வானிலைக் கணிப்பில் கடல் பனிக்கட்டி

கடல் நீரில் உப்பு இருப்பதால் அது 0 டிகிரியில் உறைவதில்லை. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறைகிறது. உறைந்து மிதக்கும் பனிக்கட்டி கடலுக்கு ஒரு மூடி போன்றது. ஆர்க்டிக் குளிர்காலத்தில் காற்று மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், மூடிக்கு அடியில் உள்ள நீரின் வெப்பநிலை மைனஸ் 1.8 அளவிலேயே இருக்கும். மூடி விரிசல் கண்டால் வெப்பமும் ஈரப்பதமும் மேலேறி, மேகமும் மூடுபனியும் உருவாகும்.

எனவே பனிக்கட்டி இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தால் வானிலை முன்னறிவிப்பும் தவறிவிடும். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் முதன்மைக் கணிப்பில், முதல் நாள் இருந்த பனிப்பரப்பையே 10 நாட்களுக்கும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஆனால் பலத்த காற்று வீசினால் பனி விளிம்பு ஒரே நாளில் பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே 2018 ஜூனில், காற்று, கடல், பனிக்கட்டி மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு அம்மையம் மாறியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பனிக்கட்டியின் மேல் பெய்து படியும் மென்பனி, கம்பளியைப் போல அடியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கிறது. இதைக் கணக்கில் சேர்க்காத மாதிரிகள், மேகமற்ற குளிர்கால இரவுகளில் மேற்பரப்பு வெப்பநிலையை உண்மையை விட அதிகமாகக் காட்டுகின்றன.

பாரன்ட்ஸ் கடல் போன்ற இடங்களில், பனிப்பரப்பிலிருந்து வரும் குளிர்காற்று திறந்த கடலைத் தொடும்போது திடீர்ப் புயல்கள் எழுவதுண்டு. அங்கே மீன்பிடிக்கச் செல்வோர் கரை திரும்ப வேண்டிய நேரத்தை அறிய இந்தக் கணிப்பையே நம்பியிருக்கிறார்கள்.