ஸ்டார்கிராஃப்ட் லீக்குகளும் அவற்றை நடத்திய மென்பொருளும்

இணைய விளையாட்டுகளுக்கு லீக் நடத்தும் மென்பொருள், மேலோட்டமாகப் பார்ப்போருக்கு ஆட்ட அட்டவணையும் புள்ளிப்பட்டியலும் தயாரிக்கும் கணக்கு வேலையாகவே தோன்றும். ஆனால் அதை எழுதியவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது, ஆட்டத்தின் முடிவை யார் சொல்வது, சொன்னதை எப்படி நம்புவது என்ற சிக்கலே. 1998இல் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்டு, தென்கொரியாவில் தொலைக்காட்சிப் போட்டியாகவே வளர்ந்த ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் வரலாற்றில் இச்சிக்கலின் எல்லா முகங்களையும் காணலாம்.

1990களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் நடத்திய போட்டிகள் பெரும்பாலும் 'ஏணி' முறையைப் பின்பற்றின. அதாவது, பட்டியலில் கீழே உள்ளவர் மேலே உள்ளவரை வென்றால் அவருடைய இடத்தையோ, இடைவெளியில் பாதித் தொலைவையோ ஏறிவிடலாம். விளையாட்டுக்கும் ஏணியை நடத்தும் இணையதளத்துக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லாததால், தோற்றவரே வந்து தம் தோல்வியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி பரவலாக இருந்தது. வென்றதாகப் பொய் சொல்லப் பலர் உண்டு, தோற்றதாகப் பொய் சொல்ல ஒருவரும் இல்லை என்ற கணக்கில் அவ்விதி சரியானதுதான். தோற்றவர் பேசாமல் இருந்துவிட்டால் மென்பொருளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதே அதன் ஓட்டை.

பிளிஸார்டின் சொந்தச் சேவையான பேட்டில்.நெட்டும் இதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் அரட்டையடிக்கவும் மட்டுமே அதன் சர்வர், அதாவது மையக் கணினி, பயன்பட்டது. ஆட்டமோ ஆட்டக்காரர்களின் கணினிகளுக்கிடையே நேரடியாக நடந்து, முடிந்தபின் அக்கணினிகளே முடிவைச் சர்வருக்குத் தெரிவித்தன. ஒவ்வொரு கணினியும் ஆட்டம் முழுவதையும் தன்னுள் இயக்கியதால், எதிராளியின் மறைந்த படைகளைக் காட்டும் 'மேப்ஹேக்' என்னும் திருட்டு நிரலை எழுதுவதும் எளிதாயிற்று. 2001இல் வந்த ஸ்டார்கிராஃப்டின் 1.08 பதிப்பு, முடிந்த ஆட்டத்தைக் கோப்பாகச் சேமித்து மீண்டும் பார்க்கும் ரீப்ளே வசதியைத் தந்தபோது லீக் நடத்துவோருக்கு முதன்முறையாக ஒரு சாட்சி கிடைத்தது. அக்கோப்பில் காட்சிகள் பதிவாவதில்லை. ஆட்டக்காரர் பிறப்பித்த கட்டளைகளும் அவற்றின் நேரமும் மட்டுமே பதிவாகி, அதே கட்டளைகளை மீண்டும் இயக்கினால் அதே ஆட்டம் அப்படியே விரிவதால், மிகச் சிறிய கோப்பு ஒன்றைக் கொண்டு ஒரு தகராறைத் தீர்க்க முடிந்தது.

இருப்பினும் லீக் தன் விருப்பப்படி விதி வகுக்க வேண்டுமானால் சர்வர் அதன் கையில் இருந்தாக வேண்டும். பேட்டில்.நெட் அடிக்கடி முடங்கியதாலும் அங்கே ஏமாற்றுவோர் மலிந்ததாலும் சலிப்படைந்த ஆர்வலர்கள், அதன் செய்திப் பரிமாற்ற முறையை ஆராய்ந்து, 1998 முதல் பிநெட்டி என்ற மாற்றுச் சர்வரை எழுதி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தனர். வாங்கிய பிரதியின் சிடி எண் உண்மையானதா என்று சோதிக்கும் வழி அவர்களிடம் இல்லாததால், திருட்டுப் பிரதிகளும் அந்தச் சர்வரில் ஓடின. பிளிஸார்ட் 2002இல் தொடுத்த வழக்கில் இதுவே அவர்களுக்குப் பாதகமாக அமைந்தது. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளிஸார்டின் பக்கமே நின்றது. எனினும், அதே மூலநிரலிலிருந்து கிளைத்த பிவிபிஜிஎன் அதற்குள் பிற நாடுகளில் வேரூன்றிவிட்டதால், தீர்ப்பு பிநெட்டித் திட்டத்தை முடக்கியதே தவிர அந்தத் தொழில்நுட்பத்தை முடக்கவில்லை.

இவ்வழியில் வந்த சர்வர்களுள் பெரும்பெயர் பெற்றது ஐசிகப் என்ற லீக். அங்கே எல்லோரும் டி என்ற படியில் தொடங்கி, சி, பி, ஏ எனக் கூட்டல், கழித்தல் குறிகளோடு அமைந்த படிகளில் ஏறி, உச்சியில் 'ஒலிம்பிக்' என்ற நிலையை அடைய முடிந்தது; அந்த வாரத்துக்கென அறிவித்த வரைபடத்தில் வென்றால் கூடுதல் புள்ளி கிடைத்தது; திருட்டு நிரலைக் கண்டறியும் தனிச் செயலியோடுதான் உள்ளே நுழைய முடிந்தது. கொரியத் தொழில்முறை லீக்குகளின் வரைபடங்களே அங்கும் புழங்கியதால், டி படியிலிருந்து மேலேற முடியாத ஐரோப்பிய இளைஞரும் தாம் தொலைக்காட்சியில் கண்ட களத்திலேயே தோற்றார் எனலாம். அதிகாரபூர்வ ஏணி தராத, வாரத்துக்கு வாரம் மாறும் இத்தகைய விதிகளைத் தந்ததே ஆர்வலர் மென்பொருளின் மெய்யான சாதனை.

நிறுவனங்கள் இதிலிருந்து பாடம் கற்றன. 2010இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் 2, இணையமின்றி ஒரே அறைக்குள் கணினிகளை இணைத்து ஆடும் லேன் வசதியையே விட்டுவிட்டு, பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களை நிறுவனத்தின் சர்வர் வழியாகவே நடக்க வைத்தது. மறுபுறம், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் போட்டிக் குறியீடு என்ற ஏற்பாட்டை அளித்தது; லீக்கின் மென்பொருள், ரயட்டிடம் ஒரு குறியீட்டைக் கேட்டுப் பெற்று ஆட்டக்காரர்களிடம் கொடுக்கும், அவர்கள் அதைக் கொண்டு ஆட்ட அறைக்குள் நுழைவார்கள், ஆட்டம் முடிந்ததும் முடிவு தானாகவே லீக்கின் கணினிக்கு வந்துசேரும். தோற்றவரின் நேர்மையை நம்பியிருக்கும் நிலை இதனால் ஒழிந்தது. ஆனால் குறியீட்டை வழங்குவதும் நிறுத்துவதும் நிறுவனத்தின் விருப்பமாகிவிட்டதால், அத்தகைய லீக்கின் ஆயுள் அதை நடத்துவோரின் கையில் இல்லை.