இரவல் நூலிலிருந்து எழுந்த நூலகம்

ஊருக்கு உழைத்தவர் யாவர் என்று வினவினால், பதவி வகித்தோரின் பெயர்களையே நாம் முதலிற் கூறுகின்றோம். ஆயினும், எவருடைய வாக்கையும் வேண்டாது, தம் மனத்தின் தூண்டுதல் ஒன்றினாலேயே பொதுப்பணியை மேற்கொண்டோர் சிலரும் நம் பட்டினங்களில் வாழ்ந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்துக் க. மு. செல்லப்பா அத்தகையோருள் ஒருவர்.

செல்லப்பா நீதிமன்றத்திலே சக்கிடுத்தாராகக் கடமையாற்றியவர். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்கள் பல இருந்தன, அச்சுக்கூடங்களும் இருந்தன. எனினும், பள்ளியை விட்டபின் மேலும் கற்க விரும்பிய ஏழைக்கு நூல்கள் எளிதிற் கிட்டவில்லை. இக்குறையை உணர்ந்த செல்லப்பா, 1933ஆம் ஆண்டில் தம் வீட்டிலிருந்த நூல்களையே பிறருக்கு இரவலாகக் கொடுக்கத் தொடங்கினார். இரவல் கொடுத்த நூலைத் திரும்பப் பெறுவது எத்துணை அரிது என்பதை அறிந்தோர், அச்செயலின் பெருமையையும் அறிவர்.

அவர் அவ்வளவில் அமையவில்லை. தம் வீட்டு அலுமாரி ஊர் முழுவதற்கும் போதாது என்பதைக் கண்டு, யாழ்ப்பாணத்திலே இலவச நூலகம் ஒன்று நிறுவப்படல் வேண்டுமென மக்களுக்கு விண்ணப்பம் விடுத்தார். 1934ஆம் ஆண்டில் அதற்கென ஒரு குழு அமைந்தது. ஐசாக் தம்பையா முதலிய பெரியோர் அதிற் சேர்ந்தனர். செல்லப்பா செயலாளராகப் பணிபுரிந்தார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணமும் நூலும் சேர்த்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆந் திகதி, ஆஸ்பத்திரி வீதியிலே, வாடகைக்குப் பெற்ற சிறிய அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும், ஏறக்குறைய 30 பத்திரிகைகளும் சஞ்சிகைகளுமே.

மறு ஆண்டிலேயே அந்நூலகம் நகரசபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. தாம் வளர்த்ததைத் தம் கையிலேயே வைத்திருக்க விரும்புதல் மனித இயல்பு. ஆனால், ஒருவரின் ஆயுளோடு பொதுநிலையத்தின் ஆயுளும் முடிதல் தகாது. தனிமனிதரின் கொடையாய்த் தொடங்கியது, இவ்வாறு ஊரவரின் உரிமையாயிற்று.

அதன்பின் பலர் அப்பணியை ஏற்று நடத்தினர். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுவதற்குப் பெரிதும் உழைத்தார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1954ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆந் திகதி மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவிலே தொடங்கிய வன்செயலின்போது, அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப்பெற இயலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. மக்கள் திரும்பவும் நூல்கள் கொணர்ந்து கொடுத்தனர். அழிந்த சுவடிகளுக்கு எக்கொடையும் ஈடாகாது. ஆயினும், 1934ஆம் ஆண்டிலே வாசற்படி தோறும் நின்று நூல் கேட்ட இளைஞர்களின் வழக்கம் எரிந்துபோகவில்லை என்பதை ஊரார் காட்டினர்.

செல்லப்பா செல்வர் அல்லர். சபைத் தலைவரும் அல்லர். உள்ளதைக் கொடுத்தார், இல்லாததைப் பிறரிடம் கேட்டார், சேர்ந்ததை ஊரிடம் ஒப்படைத்தார். இம்மூன்றையும் செய்தற்குப் பதவி வேண்டுவதில்லை. இன்று அந்நூலகத்திலே அமர்ந்து நூலை விரிக்கும் மாணவர், அவ்வீட்டு அலுமாரியை ஒருகணம் நினைத்தல் தகும்.