பீட்டர் பாண்டியன் கணக்கு

நான் கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கஜானா என்பது ஓர் அறை. தாலுகா ஆபீஸ் கட்டடத்தின் மூலையில் ஜன்னல் இல்லாத அறை. கம்பிக் கதவு, உள்ளே இரும்புப் பெட்டிகள், வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று பணம் எண்ணுகிறவரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். மாதக் கடைசியில் கட்டுக் கட்டாக எண்ணி, ரொக்கமும் பேரேடும் ஒத்துப்போகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். ஒரு சலான் இடறினாலும் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்போம். அதிகாரி நல்லவரா, பக்திமானா, ஊருக்கு உபகாரியா என்று அந்தப் பூட்டு கேட்பதில்லை. அதனால்தான் ரௌஸ் பீட்டர் கதையை மற்றவர்கள் ரசிப்பதுபோல என்னால் ரசிக்க முடிவதில்லை.

மதுரையில் ரௌஸ் பீட்டரைத் தெரியாதவர்கள் குறைவு. 1812 முதல் 1828 வரை இங்கே கலெக்டர். பதினாறு வருஷம் ஒரே நாற்காலி. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் பீட்டர் பாண்டியன். மழை கொட்டிய ஒரு ராத்திரி, ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள், அடுத்த நிமிஷம் அவர் படுத்திருந்த வீட்டின்மேல் இடி விழுந்தது, திரும்பிப் பார்த்தால் சிறுமி இல்லை. வந்தது மீனாட்சிதான் என்று உருகிப்போன பீட்டர், அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது திருப்பாதம் பதிய, கல் இழைத்த தங்க அங்கவடிகள் செய்து கொடுத்தார். பீட்டர் பாதுகம் என்று பெயர். 412 சிவப்புக்கல், 72 மரகதம், 80 வைரம் என்று கல் கணக்கையும் சேர்த்தே சொல்வார்கள். சிறுமியை விட்டுவிடுவோம். பாதுகம் இருக்கிறது, சித்திரைத் திருவிழாவில் அம்மன் காலில் இருக்கிறது.

யானை வேட்டையிலும் பெயர் பெற்றவர். பயிரை அழித்து ஆளை மிதித்த யானைகளைச் சுட்டதால் மலையடிவாரத்து ஊர்களில் அவர் வீரத்தைப் பாடினார்கள். கை தாராளம். வந்தவருக்கெல்லாம் விருந்து, கேட்டவருக்கெல்லாம் கொடை. ஓர் அதிகாரியின் வாழ்க்கையாக அது இல்லை, சிற்றரசனின் வாழ்க்கையாகவே இருந்தது.

சம்பளம் அதற்குப் போதவில்லை. போதாததைக் கஜானாவிலிருந்து எடுத்தார். 1828-ல் அவர் செத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கார் பணத்தைத் தாமே எடுத்ததாக ஒப்புக்கொள்ளும் குறிப்பொன்றைத் தம் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது ஆங்கிலேயரே எழுதிவைத்த ஜில்லா வரலாறு சொல்லும் செய்தி. நெல்சன் 1868-ல் எழுதிய மதுரை மேனுவலையும் பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த கெசட்டியரையும் புரட்டுகிறவர்கள், பாதுகத்தின் பளபளப்போடு இந்தக் கறையையும் பார்க்கலாம். வடக்கு வெளிவீதி புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குள் அவர் சமாதி இருக்கிறது. அங்கே போகிறவர்களிடம் யாரும் கஜானாவைப் பற்றிப் பேசுவதில்லை.

பதினாறு வருஷம் எப்படி மறைக்க முடிந்தது? எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வரி வசூல் கலெக்டர் கையில். 1816-க்குப் பிறகு போலீசும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவர் கையில். வசூலான பணம் குவிவது அவர் கச்சேரியில், இருப்பு இவ்வளவு என்று சென்னைக்கு எழுதுகிறவரும் அவர். இரண்டு பூட்டு போட்டாலும் இரண்டு சாவியும் ஒரே இடுப்பில் தொங்கினால் என்ன பிரயோசனம்? போதாக்குறைக்கு 1818-ல் சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. வராகன், பணம், காசு என்று போட்ட கணக்கையெல்லாம் ரூபாயாக மாற்றுகிற வருஷங்களில் எந்தப் பேரேட்டில் எது ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. கச்சேரியில் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்கும். வாயைத் திறந்து அவர் யாரிடம் போய்ச் சொல்வது? கலெக்டரிடமா?

பீட்டர் ஒருவரை மட்டும் குற்றம் சொன்னால் அநியாயம். அவர் மதுரையில் இருந்த அதே வருஷங்களில் கோயம்புத்தூர் ஜில்லாவில் காசி செட்டி என்ற பொக்கிஷதார், வரிப் பணத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் நடத்தி ஊரையே கைக்குள் வைத்திருந்தார். கலெக்டர் வில்லியம் காரோ அவருக்குக் காவல். 1816-ல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் கமிஷனாக வந்து கிளறியபோதுதான் நாற்றம் தெரிந்தது. அப்படி ஒரு பாடம் பக்கத்து ஜில்லாவில் நடந்து முடிந்த பிறகும் மதுரைக் கஜானாவை யாரும் நெருக்கிப் பார்க்கவில்லை. கலெக்டர் நல்லவர் என்று பெயர் எடுத்திருந்தார். கருவூலத்துக்கு அதைவிட ஆபத்தான சான்றிதழ் கிடையாது.

புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் எனக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒருநாள் இந்தக் கஜானா விவகாரத்தைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே, "எடுத்தாலும் நம்ம ஆத்தாளுக்குத்தானே சார் குடுத்தாரு?" என்றார். "பணம் ஊருதுண்ணே. பேரு பீட்டர் பாதுகம்னுல்ல இருக்கு" என்றேன். "பேருல என்ன சார், கால்ல இருக்கில்ல" என்றார். அவர் பேச்சில் இருந்த அழகை மறுக்க மாட்டேன். மதுரை இப்படித்தான் தீர்ப்புச் சொல்லும். எங்கிருந்து எடுத்தான் என்பது பட்டணத்துக்காரன் கேட்கிற கேள்வி. எங்கே கொடுத்தான் என்பது இந்த ஊர்க் கேள்வி.

ஆனால் எங்கிருந்து என்பதும் இந்த ஊர் விவகாரம்தான். கஜானாவுக்கு வந்த கிஸ்தி வானத்திலிருந்து விழவில்லை. பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் எட்டிப் பார்த்தது 1895-ல்தான். பீட்டர் காலத்தில் வைகையை ஒட்டிய கால்வாய்ப் பாசனம் கொஞ்சம், மற்றதெல்லாம் மழை பெய்தால் நிறைகிற கண்மாய். திருமங்கலத்துப் பக்கம் கரிசல், வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்ட வருஷமும் கிஸ்திக்குத் தவணை உண்டு. கட்டாதவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆளை வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல் ஏற்றுவது, கிட்டி போட்டு விரலை நெரிப்பது எல்லாம் மாகாணத்தில் நடந்தது என்பதை 1855-ல் சென்னையின் சித்திரவதைக் கமிஷனே பட்டியல் போட்டு ஒப்புக்கொண்டது. இப்படிச் சேர்ந்த காசில் எவ்வளவு விருந்துக்குப் போனது, எவ்வளவு கல் வாங்கப் போனது என்று பிரித்துக் காட்ட எந்தப் பேரேடும் உதவாது. தாராளம் என்று நாம் புகழ்கிற கை, இன்னொருவன் மடிக்குள் இருந்த கை.

பீட்டருக்கு ஐம்பது அறுபது வருஷம் முன்னால் இதே ஊர் ஒரு துரையை வேறுவிதமாகக் கணக்குக் கேட்டிருக்கிறது. 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாப்பின் அண்ணன் மாபூஸ்கானோடு கப்பம் வசூலிக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைக்குப் படை கொண்டு வந்தார். கோவில்குடிக் கோயிலைக் கொள்ளையிட்டு விக்கிரகங்களை மூட்டை கட்டினார். திருமோகூர்தான் அது என்பார்கள். சாமியைத் திருப்பித் தர ஐயாயிரம் ரூபாய் விலை பேசினார். யாரும் கொடுக்கவில்லை. படை நத்தம் கணவாய் வழியே திரும்பும்போது கள்ளர்கள் இரண்டு பக்கமும் மறித்து அடித்து விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சென்னை போய்ச் சேர்ந்த ஹெரானுக்கு இராணுவ விசாரணை நடந்தது. லஞ்சம் வாங்கியது நிரூபணமாகி வேலை பறிபோனது. கம்பெனி அவரை விலக்கியது கம்பெனிக்குச் சேர வேண்டிய பணம் குறைந்ததற்காக. நத்தத்தில் மறித்தவர்கள் கேட்டது வேறு கணக்கு.

அந்தப் படையில் சிப்பாய்த் தலைவனாக வந்தவன் யூசுப்கான். பனையூரில் பிறந்து, மதம் மாறி, கம்பெனிப் படையில் நின்று பெயர் வாங்கியவன். 1759-ல் வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய்க் குத்தகைக்கு மதுரையையும் திருநெல்வேலியையும் எடுத்தான். பாளையக்காரர்களை அடக்கினான், கண்மாய்களைச் செப்பனிட்டான், மீனாட்சி கோயிலின் நிலங்களை அதனிடமே சேர்த்தான். கெட்டிக்காரக் குத்தகைக்காரன் ஆளத் தெரிந்தவனாகவும் இருந்தால் மேலே இருப்பவனுக்குத் தூக்கம் வராது. பணம் ஒழுங்காகச் செலுத்தவில்லை, வரவுக்கு மீறிப் படை வைக்கிறான், வெள்ளைச் சிப்பாய்களை இழுக்கிறான் என்று நவாப் முகமது அலி குற்றப் பட்டியல் வாசித்தார். ஏழு லட்சம் தருகிறேன், சீமையை என்னிடமே விடுங்கள் என்று யூசுப்கான் கேட்டுப் பார்த்தான். முடியாது என்றார்கள். 1763-ல் முற்றுகை. கோட்டை விழவில்லை. 1764 அக்டோபர் 13-ல் கூட இருந்தவர்களே தொழுகை நேரத்தில் அவனைக் கட்டிக் கொடுத்தார்கள். 15-ம் தேதி தூக்கு.

குற்றம் சாட்டிய நவாப்பின் கணக்கு எப்படி இருந்தது? கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கடன் வாங்கி, அந்த வட்டிக்கு மறுகடன் வாங்கி, சீமை வருமானத்தையே அடகு வைத்தவர் அவர். 1785 பிப்ரவரியில் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து இந்த ஆற்காட்டு நவாப் கடன்களைப் பற்றிப் பேசிய பேச்சு இன்றைக்கும் படிக்கப்படுகிறது. பால் பென்ஃபீல்டு மாதிரி ஆட்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அவர் கிழித்துப் போட்டார். அப்படிப்பட்ட நவாப்புக்கு மதுரைக் குத்தகைக்காரனின் நிலுவை கண்ணை உறுத்தியிருக்கிறது. மதுரைக்கு அந்தப் பேரேடு எதுவும் தேவைப்படவில்லை. சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கம் பள்ளிவாசலாக நிற்கிறது. கான்பாளையம், கான்சாமேட்டுத் தெரு என்று ஊருக்குள்ளும் அவன் பெயர் கிடக்கிறது. இந்த ஒரு தீர்ப்பில் நான் ஊரோடு சேர்ந்துகொள்கிறேன்.

பீட்டர் விஷயத்தில் சேர முடியவில்லை. கொடுத்தவன் நல்லவன் என்ற பழக்கத்தின் நீட்சியை நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. வீட்டு வாசலுக்கே பணம் வந்ததாகச் சொல்லப்பட்டது. திருமங்கலம் ஃபார்முலா என்று நாடு முழுக்க அதற்குப் பெயரும் வந்தது. அப்போது டீக்கடைகளில் நான் கேட்ட பேச்சில், யாருக்கு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்ற தகராறுதான் பெரிது. எந்தக் கஜானாவிலிருந்து என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கட்சிக்காரர்களைத் திட்டுவது சுலபம். கை நீட்டிய தெருக்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

கஜானாவில் கை வைக்காத ஒருவரும் இதே சீமைக்காரர்தான். மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டி. கக்கன் ஊர். மீனாட்சி கோயிலுக்குப் பீட்டர் தங்கம் கொடுத்தபோது, கக்கனின் பாட்டன் பூட்டன்கள் வயலில் இறங்கி உழைத்துக் கிஸ்திக்கு நெல் விளைவித்தவர்கள், கோபுர வாசலைத் தாண்ட முடியாதவர்கள். பாதுகம் உள்ளே போய்க் கிட்டத்தட்ட நூற்றுப்பத்து வருஷம் கழித்து, 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் முன்னால் நடக்க, கோயிலுக்குள் கூடப் போனவர்களில் கக்கனும் ஒருவர். பிறகு பொதுப்பணி அமைச்சர், உள்துறை அமைச்சர். கோடி கோடியாக வேலை நடந்த துறை, வைகை அணை 1959-ல் திறந்தது அவர் காலத்தில்தான். பண விஷயத்தில் எதிரிகூட அவரைத் தொட முடியவில்லை. அவர் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் அவர் பொறுப்பில் இருந்தது, அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். 1967-ல் ஜனங்கள் பதிலை வாங்கியும் கொண்டார்கள், தோற்றார். கடைசிக் காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்கு அங்கே வந்த பிறகுதான் அது தெரிந்தது. 1981-ல் காலமானார்.

இதையும் தையல்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "கக்கன் தங்கமான மனுசன் சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அவரால யாருக்கு என்ன சார் செய்ய முடிஞ்சது?" என்றார்.

வைகை அணையை எடுத்துச் சொன்னேன். "அது கவர்மெண்டு கட்டுனதுல்ல" என்றார்.