பிரித்த பட்டும் கோத்த மூடியும்

விலை கொடுத்து வாங்கிய பட்டை உடுத்தாமல், நூல் நூலாகப் பிரித்தெடுத்த மக்கள் இருந்தனர் என்றால் நம்புவது அரிது. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டில் அது நடந்தது. அங்கே பருத்தி விளைந்தது. நீலச் சாயமும் கிடைத்தது. ஆனால் பட்டின் ஒளியும் பல நிறமும் வேண்டுமென்றால் கடல் கடந்து வரும் துணியைத்தான் நாடவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட அரசர் ஒப்போக்கு வாரே, வணிகரிடம் பலநிறப் பட்டுகளை வாங்கிப் பிரிக்கச் செய்து, அந்நூலைப் பருத்தியோடு கலந்து நெய்வித்தார். டேனிய வணிகர் ரோமர் 1760இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி காணப்படுகிறது. நான்கு அங்குல அகலமுள்ள பட்டைகளாக நெய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கும் கெந்தே ஆடை இவ்வாறு நிறம் பெற்றது.

டேனியர் என்றதும் நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். 1620 முதல் 1845 வரை அவ்வூர் அவர்கள் வசம் இருந்தது. அங்கிருந்து கோபன்ஹேகன் சென்ற பருத்தித் துணிகளில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கும் போயிற்று. துணி, துப்பாக்கி, மது ஆகிய இவற்றைக் கொடுத்து ஐரோப்பியர் அங்கே வாங்கியது என்ன? பொன்னும், தந்தமும், மனிதரும்! அவ்வாணிகத்திற்கென டேனியர் 1784இல் கேட்டா என்னும் கடற்கரையூரில் ஒரு கோட்டை எழுப்பினர். கடல் அரித்தது போக அதன் எச்சம் இன்றும் உண்டு.

கேட்டாவை அடுத்த காயலின் மறுகரையில் உள்ள அன்யாக்கோ என்னும் ஊரில், 1944இல் பிறந்தவர் சிற்பி எல் அனட்சூயி. தந்தையார் கெந்தே நெய்தவர். மகனோ தறியில் அமரவில்லை. நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் சிற்பம் கற்பித்தார். 1998இல் அங்கே மது போத்தல் மூடிகள் நிறைந்த பை ஒன்றைக் கண்டெடுத்தார். மூடிகளைத் தட்டையாக்கினார்; மடித்தார், முறுக்கினார்; துளையிட்டுச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து, பொன்னும் சிவப்புமாய், சுவரளவு பெரிய திரையாயின. உலோகமாயினும் துணிபோல் மடியும். தொங்கவிடுந்தோறும் வேறு வடிவு கொள்ளும்.

இது நெசவாகுமா? பாவுமில்லை, ஊடுமில்லை, இலக்கணப்படி ஆகாது என்பார்க்கு மறுமொழி இல்லை. எனினும் சிறு துண்டுகளை இணைத்துப் பேராடை ஆக்கும் முறை கெந்தேயின் முறையே.

2015இல் வெனிசு நகரக் கலைவிழா, வாழ்நாள் பணிக்கான பொற்சிங்க விருதை அவருக்கு அளித்தது. குப்பையைக் கலையாக்கினார் என்று பலரும் புகழ்கின்றனர். அப்புகழ் போதாது என்பேன். மது அக்கரையில் மனிதருக்கு விலையாக எண்ணப்பட்ட பண்டம். அதன் மூடியை அவர் எடுத்தது வெறும் மலிவு கருதியன்று. அந்நியர் தந்த பட்டை முன்னோர் பிரித்தனர். அந்நியர் கொணர்ந்த மதுவின் நினைவை இவர் கோத்தார்.

2023இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவர் தொங்கவிட்ட பெருந்திரைகளுள் முதலாவது, காற்றில் புடைத்த கப்பற்பாயின் உருவில் இருந்தது.